சரிபார்க்காமல் உள்ளே விட்டது

டிஸ்க்கில் அந்த இடம் வெறுமையாக இருந்தது. கணினியின் நினைவகத்தில் மட்டும் அதே இடத்தில் ஏதோ எழுதியிருந்தது.

விடுமுறை நாளின் மாலை. மாடி முழுக்க ஆளில்லை. ஏசி சளி பிடித்தவன் மாதிரி இழுத்து இழுத்து மூச்சு விட, சர்வர் அறைக் கதவிடுக்கில் சூடான பிளாஸ்டிக் வாடை கசிந்து வர, ஜன்னல் வெளிச்சம் சாயச் சாயக் காலி நாற்காலிகளின் நிழல்கள் அவன் மேஜைப் பக்கமாக நீண்டுகொண்டிருந்தன. மகளோடு இருக்க வேண்டிய நாளில் இங்கே வந்து மாட்டிக்கொண்டோமே என்று அந்தப் பொறியாளனுக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. யாரை நொந்து என்ன? வினையை இழுத்துவிட்டது அவன்தானே.

எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற விவரம் டிஸ்க்கில் சின்னச் சின்னக் கட்டங்களாக இருக்கும். அவற்றைப் படித்து நினைவகத்தில் வைத்துக்கொள்ளும் ஃபைல் சிஸ்டம் டிரைவர் என்ற நிரல் அவன் எழுதியது. வைக்கும்போது ஒரு தடவை, எடுத்துப் பயன்படுத்தும்போது ஒரு தடவை என்று கட்டம் சரிதானா என அது முன்பெல்லாம் சோதிக்கும். வேகம் குறைகிறது என்று இரண்டாவது சோதனையைப் பிடுங்கி எறிந்தான்.

“வேண்டாம் தம்பி,” என்று தலையில் அடித்துக்கொண்டாள் சோதனைப் பிரிவு அக்கா. எந்தப் பிழையையும் விடாமல் துருவுகிறவள் என்பதால் அலுவலகமே அவளைச் சல்லடை என்று கிண்டல் செய்யும். “தேவைப்படும்னு முன்கூட்டியே இழுத்து வைக்கறப்ப சில கட்டம் அந்த முதல் சோதனை இல்லாமலே நுழைஞ்சிடுது. உள்ள இருக்குங்கறதுக்காக எல்லாம் நல்லதுன்னு ஆயிடுமா?”

“சும்மா கழுத்தறுக்காதீங்க அக்கா.”

அவள் சொன்னபடியே ஆயிற்று. ஒரு வாடிக்கையாளரின் மொத்தத் தகவலும் நாசம். கூட்டத்தில் அவன் கூசாமல் அவள் பக்கம் கை நீட்டினான். “சோதிச்சு சரின்னு சொன்னது அவங்கதான்.” அன்றைக்கே அவளை வெளியே அனுப்பினார்கள். வேறு யாரும் வேலைக்கு எடுக்கவில்லை. அவமானத்தில் சோறு இறங்காமல் படுத்தவள், பாவம், எழுந்திருக்கவேயில்லை. அந்த மகராசன் துக்கம் விசாரிக்கக்கூடப் போகவில்லை.

இப்போது அதே பிழை இன்னொரு இடத்தில் வெடித்திருந்தது. எடுத்துப்போட்ட சோதனையை யாருக்கும் தெரியாமல் திரும்பச் சேர்த்துவிடலாம் என்றுதான் ஆளில்லாத நாளாகப் பார்த்து வந்திருந்தான்.

நினைவகத்தில் இருந்த கட்டத்தைத் திறந்தான். ஒரு கோப்புறை. அதன் பெயர் அவன் வீட்டு முகவரி. உள்ளே மூன்று பெயர்கள். மனைவி. மகள். அவன்.

அவன் பெயருக்கு எதிரே, சற்று முன் மாற்றப்பட்டது என்றிருந்தது.

“எந்த எருமைடா விளையாடுது?” என்று வாய்விட்டுக் கத்தினான். குரல் காலி மாடியில் போய் எங்கோ முட்டியது. கட்டத்தை அழித்தான். திரும்ப வந்தது. புதிதாகச் சேர்த்த சோதனையை அதன்மேல் ஓட்டினான். நினைவகத்தில் இருப்பது சரி, டிஸ்க்கில் இருப்பதுதான் பிழை என்றது திரை.

வீட்டுக்குப் போன் போட்டான். மகள் எடுத்தாள்.

“கண்ணு, அம்மாகிட்ட குடு.”

“நீங்க யாரு?”

“அப்பா பேசறேன்டா.”

“எங்கப்பா இங்கதான் இருக்கார். எனக்குத் தலை வாரிவிடறார்.”

போன் கை மாறியது. ஒரு செருமல். அவனுடைய செருமல். பிறகு அவனுடைய குரலே, நிதானமாக: “உள்ள வந்தாச்சு தம்பி. இனிமே யாரு சோதிக்கப் போறா?”

அவனை அந்த அலுவலகத்தில் தம்பி என்று கூப்பிட்டவள் ஒருத்திதான்.

படியில் உருண்டு விழாத குறையாக இறங்கினான். வாசலில் அவன் அடையாள அட்டைக்குக் கதவு திறக்கவில்லை. தினமும் சலாம் வைக்கும் காவலாளி எழுந்து வந்து அவனை மேலும் கீழும் பார்த்தார்.

“யாருங்க நீங்க? எப்படி உள்ள வந்தீங்க?”

“என்னைத் தெரியலையா அண்ணே? மேல வேலை பார்க்கறேனே!”

“அந்த சார் அப்பவே வீட்டுக்குப் போயிட்டாரே.”

அவரைத் தள்ளிவிட்டு ஓடினான். தெரு. சிக்னல். பாலம். நெஞ்சு வெடிக்கிற மாதிரி வலி. மகள், மகள், மகள்.

கதவைத் தட்டினான். சங்கிலி போட்டபடியே மனைவி எட்டிப் பார்த்தாள்.

“யாரு வேணும்?”

“நான்தாண்டி! பாப்பாவைத் தூக்கிட்டு வெளிய வா! உள்ள இருக்கறது நான் இல்ல!”

அவள் கண்ணில் பயம். அவனைப் பார்த்துத்தான். “என்னங்க,” என்று உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தாள், “யாரோ ஒரு ஆளு. பயமா இருக்குங்க.”

“கதவைச் சாத்திட்டு வா.”

தாழ்ப்பாள் விழுந்தது.

சுவரைத் தடவிக்கொண்டு ஜன்னலுக்குப் போனான். மஞ்சள் வெளிச்சம். அவன் சட்டை. அவன் முகம். அதன் மடியில் மகளின் தலை. சீப்பு தரையில் கிடந்தது. விரல்கள் முடியை ஒவ்வொன்றாக விலக்கி, அழுத்தி, நகர்ந்து, மறுபடி அழுத்தி.

“வலிக்குதுப்பா.”

“பொறுத்துக்கோ கண்ணு. இன்னும் உள்ள பார்க்கணும்.”

கண்ணாடியை அறைந்தான். யாரும் திரும்பவில்லை. அது மட்டும் நிமிர்ந்தது. அவனையே பார்த்துக்கொண்டு, கண் இமைக்காமல், விரல்களை மகளின் தலைக்குள் முதல் கணு வரை இறக்கியது. பக்கத்தில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.