முதல் தரம் கூப்பிட்டால்

தொலைபேசிக்குள் ஒரு மின்விசிறி கிறீச்சிட்டது. ராஜினியின் முதுகுக்குப் பின்னால், அவள் கணவன் ரூபன் படுத்திருந்த அறையின் பழைய மின்விசிறியும் கிறீச்சிட்டது. சுற்றுக்கு ஒரு தரம், இரண்டும் ஒன்றாக.

"ரூபன்," என்றது குரல். மெதுவான, மரியாதையான பெண் குரல்.

அது ரூபனின் தொலைபேசி. அவள் பேசாமல் நின்றாள். வேண்டுமென்று அல்ல, பழக்கம்தான். மாங்குளத்தில் காட்டை ஒட்டிய அவர்களுடைய வீட்டில், பொழுதுபட்ட பிறகு வாசல் படலையில் யார் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் மூன்றாம் தரம் வரைக்கும் ஒருவரும் குரல் கொடுப்பதில்லை. மனிதர் என்றால் திரும்பக் கூப்பிடுவார்கள். மற்றது ஒரு தரம்தான் கூப்பிடும், பதில் சொன்னவர் அதனோடு போகவேண்டியதுதான். மாமியார் பேச்சியம்மா இதில் விளையாட்டுக்கும் இடம் கொடுக்கமாட்டாள்.

குரல் திரும்பக் கூப்பிடவில்லை. தொடர்பு அறுந்தது.

வவுனியாவில் அந்தச் சின்னத் தனியார் மருத்துவமனையின் நடை மருந்து வாடையும் நனைந்த குடைகளின் வாடையுமாய்க் கிடக்க, ஐப்பசி மழை நாலு மணிக்கே வெளிச்சத்தைத் தின்றுவிட்டிருக்க, டொக்டர் கமலாசனி வந்து அவளுக்குப் பக்கத்தில் வாங்குப் பலகையில் உட்கார்ந்தார். காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காத முகம்.

"கொழும்பு இன்சூரன்ஸ்காரரிட்டயிருந்து கோல் வந்ததோ, தங்கச்சி?"

"ஆரோ ஒரு பொம்பிளை இவற்ற பேரைச் சொன்னவா, டொக்டர். நான் பேசாமல் நிண்டிட்டன்."

டொக்டர் கண்ணை மூடினார். "ஒப்பிரேசனுக்கு அவையள் முதலே ஓம் எண்டு சொல்லவேணும். மூண்டு கடிதம் எழுதிட்டன். அங்கயிருந்து பார்க்கிறவர் ஒரு பல் டொக்டர். தலைக்குள்ள ரத்தக்குழாய் வீங்கி நிக்குது எண்டால், குளிசை மருந்து குடுத்துப் பாருங்கோ எண்டுறார். நான் நோயாளியைப் பார்க்கிறதோ, இவையளோட மல்லுக்கட்டுறதோ?"

ரூபன் வேலை செய்யும் கார்மென்ற்ஸ் தொழிற்சாலை போட்டுக்கொடுத்த காப்புறுதி அது. அரசாங்க ஆஸ்பத்திரியில் கிடைத்த திகதி தை மாதம்.

"ஒப்பிரேசன் செய்யிற பெரிய டொக்டர் ஆறு மணி ரெயிலுக்கு வெளிக்கிட்டிடுவார். திரும்ப வர ஒரு மாதம் செல்லும். ரூபன் ஒரு கிழமை தாங்குவார் எண்டுகூட என்னால சொல்லேலாது. இனி எடுத்தால் முதல் சொல்லிலயே ஓம் எண்டு சொல்லுங்கோ. சத்தமில்லாட்டி அவையள் அடுத்த ஆளுக்குப் போயிடுவினம்."

டொக்டர் எழுந்து போனார். ராஜினிக்குத் தன் வாயிலேயே அறையவேண்டும் போலிருந்தது. பேய்க்குப் பயந்து புருசனைச் சாகக் கொடுக்கப் பார்த்தேனே என்று நினைத்து, தொலைபேசியை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தபடி இருந்தாள்.

எங்கோ இடி விழுந்து மின்சாரம் போனது. அறைக்குள் மின்விசிறி மெல்ல மெல்லச் சுற்றி ஓய்ந்தது.

தொலைபேசி அடித்தது.

"ரூபன்."

"நான் அவற்ற மனிசி. ராஜினி."

"ராஜினி," என்று தனக்குள் சொல்லிப் பார்ப்பதுபோலச் சொன்னது குரல். "நல்லது. ஆனால் ரூபன்தான் சொல்லவேண்டும். இடப்பக்கம் சரிந்து படுத்திருக்கிறார். ஒரு காலில் போர்வை இல்லை. எழுப்புங்கள்."

அந்தக் குரலுக்குப் பின்னால் மின்விசிறி இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

கமரா இருக்கும், என்று நினைத்தாள். பெரிய கொம்பனி, எல்லாம் பார்ப்பார்கள். அறைக்குள் போனாள். ரூபன் இடப்பக்கம் சரிந்து படுத்திருந்தான். ஒரு காலில் போர்வை இல்லை. இழுத்து மூடினாள்.

"ஆர் ராஜி?" பத்து வருசமாக அவன் அவளை அப்படித்தான் கூப்பிடுவான். முழுப்பெயர் அவன் வாயில் வந்ததில்லை.

"இன்சூரன்ஸ்காரர். உங்கட பேரைச் சொல்லுவினம். முதல் தரமே ஓம் எண்டிடுங்கோ."

"அம்மா கேட்டால் ஏசுவா." சிரிக்கப் பார்த்தான். தொலைபேசியை அவன் காதருகே கொண்டுபோனதும் சிரிப்பு நின்றது. "இந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கேல்ல, ராஜி. வை."

"உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன். எனக்காகச் சொல்லுங்கோ."

அவன் அவளையே பார்த்தான். பிறகு தலையாட்டினான்.

"ரூபன்."

"ஓம்."

சின்னச் சொல். அதோடு அவன் மூச்சு முழுக்க வெளியே போனது. கண் மூடியது. நெஞ்சு அசையவில்லை. பிறகு அசைந்தது. அவள் கையிலிருந்த தொலைபேசியில் தொடர்பு அறுந்துவிட்டிருந்தது.

உடனேயே திரும்ப அடித்தது. "ஹலோ, ரூபனோ?" அவசரப்பட்ட ஆண் குரல். "ஹலோ, ரூபன்? ரூபன் இருக்கிறாரோ?"

மூன்று தரம். "ஓம்," என்றாள்.

"காப்புறுதியிலயிருந்து கதைக்கிறன். காலமை தொடக்கம் எடுக்கிறம், உங்கட லைன் கிடைக்கேல்ல. அனுமதி குடுத்திட்டம், ஆஸ்பத்திரிக்கும் சொல்லியாச்சு."

"அப்ப முன்னம் கதைச்ச பொம்பிளை?"

"எங்கட ஆக்கள் ஒருத்தரும் இண்டைக்கு உங்களோட கதைக்கேல்லையே, அம்மா."

தள்ளுவண்டி வாசலுக்கு வந்துவிட்டது. டொக்டர் கமலாசனி கைலாம்போடு ஓடிவந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு. அழுகிற மாதிரியான சிரிப்பு. "கிடைச்சிட்டுது, தங்கச்சி. பெரிய டொக்டர் நிக்கிறார்." ரூபனின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். "கை ஏன் இப்பிடிக் குளிருது?"

ரூபன் கண் திறந்தான். கண்ணாலேயே மனைவியைத் தேடிப் பிடித்தான். கூப்பிட்டான், மெதுவாக. மரியாதையாக.

"ராஜினி."

அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்தினாள்.

"நல்ல தெளிவாய்க் கதைக்கிறார்," என்றார் டொக்டர். "ஏன் பேசாமல் நிக்கிறீங்கள்? மனுசன் கூப்பிடுது. ஓம் எண்டு சொல்லுங்கோ."

இன்னொருக்கா கூப்பிடுங்கோ. ஒரேயொருக்கா. ராஜி எண்டு கூப்பிடுங்கோ. மனதுக்குள் கெஞ்சியபடி, பொத்திய விரல்களுக்குள் அவள் அழுதாள்.

அவன் கூப்பிடவில்லை. கண் இமைக்கவில்லை. வாய் மட்டும் திறந்தபடி இருந்தது. மின்சாரம் இன்னும் வரவில்லை. அந்த வாய்க்குள்ளிருந்து, மூச்சுக்கு ஒரு தரம்.

கிறீச்.

கிறீச்.