ஒரு கட்டை ஏறிய கடிகாரம்

"என் மனைவி பாடின பாட்டு இது. கேட்டா எனக்கு ஒண்ணுமே தோணலை" என்று சொல்லி, பல் மருத்துவர் அந்த இசைத்தட்டை மேஜைமேல் வைத்தார். "ஒண்ணு, இது அவ குரல் இல்ல. இல்லேன்னா என்கிட்டத்தான் ஏதோ கோளாறு. எதுன்னு கண்டுபிடிச்சுச் சொல்லுங்க."

மனைவி மாரடைப்பில் இறந்த அன்றுகூட அவர் அழவில்லை. எத்தனையோ பேர் ஈறில் மரத்துப்போகும் ஊசி போட்டவருக்கு, இப்போது அதையே உடம்பு முழுக்கத் தனக்குப் போட்டதுபோல இருந்தது. சாப்பிட்டார், தூங்கினார், பல் பிடுங்கினார். எதுவும் உறைக்கவில்லை.

எதிரே இருந்த துப்பறிவாளர் எதற்கும் அவசரப்படாதவர். ஆமை என்றே அவரைக் கூப்பிடுவார்கள். அவருடைய உதவியாளர் நேர்மாறு. அவளுக்குப் பட்டாசு என்று பெயர்.

"போலிக் குரல்தான் சார், சந்தேகமே இல்ல. தட்டை யார் வெளியிட்டது?" என்றாள் அவள்.

"என் மச்சினன். ஒலிப்பதிவுக்கூடம் வெச்சிருக்கான். அக்கா நினைவா வெளியிட்டான். வீட்டுல பதிவு பண்ணின கடைசிப் பாட்டுன்னு சொல்லி அவன்கிட்ட கொடுத்தது என் மக."

மறுநாள் பிற்பகல் இருவரும் மருத்துவர் வீட்டுக்கு வந்தார்கள். கூடத்தில் ஒரு பியானோ, அதற்கு மேலே மணியடிக்கும் சுவர்க்கடிகாரம். மச்சினனும் மகளும் காத்திருந்தார்கள். தட்டில் இருந்தது, மேற்கத்திய இசை நாடகமான ஓப்பராவில் நாயகி தனியாக நின்று பாடும் ஆரியா. பிரிந்து போகிறவள் விடைபெறும் பாட்டு. ஆமை முதலில் மனைவியின் பழைய மேடைப் பதிவைப் போட்டுக் கேட்டார், பிறகு புதியதை. புதியதன் நடுவே, பாட்டுக்குப் பின்னால் லேசாகக் கடிகார மணி கேட்டது.

பட்டாசு சின்ன வயதில் பியானோ கற்றவள். ஒரு கட்டையை அழுத்திப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "ரெண்டும் ஒரே ஸ்ருதி சார். வேகமும் ஒண்ணுதான். பாட்டோட பாவம்தான் உதைக்குது. பழசுல மனசைப் பிசையுற துக்கம். இதுல என்னமோ துறுதுறுன்னு ஓடுது."

"இதத்தான் நானும் சொல்றேன்" என்றார் மருத்துவர், யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல.

ஆமை மகளிடம் திரும்பினார். "பதிவு பண்ணின அன்னிக்கு அம்மா எப்படிம்மா பாடினாங்க?"

"நான்தான் பியானோ வாசிச்சேன். அவ்வளவு மெதுவா அம்மா பாடி நான் கேட்டதே இல்ல" என்றவள், சட்டென்று எழுந்து தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அவள் திரும்பி வரும்வரை ஆமை கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நாற்காலிமேல் ஏறி, கடிகாரத்தின் முள்ளை நகர்த்தி மணியடிக்க விட்டார். பட்டாசு அதற்குப் பொருந்தும் கட்டையைத் தேடி அழுத்தினாள். தட்டிலிருந்த மணியை மறுபடி ஓட விட்டதும் அவள் கை அடுத்த கட்டைக்கு மேலேறியது.

"சார், தட்டுல இருக்கற மணி ஒரு கட்டை ஏறியிருக்கு. வேற கடிகாரமா?"

"அதே கடிகாரம்தான். பாடுறவங்க ஒரு கட்டை ஏத்தலாம், இறக்கலாம். பியானோ வாசிக்கிறவங்களும் கூடவே போகலாம். கடிகாரம் போகாது. அது ஏறியிருக்குன்னா, பதிவையே வேகமா ஓட்டி ஏத்தியிருக்காங்க. வேகத்தைக் கூட்டினா ஸ்ருதியும் தானா ஏறிடும்."

"அப்ப வேற யாரோ தாழ்ந்த குரல்ல பாடினதை..." என்று மச்சினனைப் பார்த்தாள் பட்டாசு.

"என்னைப் பார்க்காதீங்க. வந்ததை வந்தபடி வெளியிட்டேன்" என்றார் அவர்.

"அவர் சொல்றது நிஜம்தான். குரலும் அந்த அம்மாவோடதுதான்" என்றார் ஆமை. "அவங்க இந்தப் பாட்டை எப்பவும் பாடுறதைவிட ஒரு கட்டை இறக்கி, மெதுவா பாடியிருக்காங்க. யாரோ அதைப் பழைய வேகத்துக்கும் பழைய ஸ்ருதிக்கும் கொண்டுவந்துட்டாங்க. தட்டுல பாட்டு மெதுவா இல்ல. ஆனா மெதுவா பாடினாங்கன்னு இந்தப் பொண்ணு சொன்னா. மாத்துறதுக்கு முன்னாடி இருந்தது இவளுக்கு மட்டும்தான் தெரியும்."

மகள் அப்பாவைப் பார்க்காமல் பேசினாள். "மூச்சு போதலப்பா. அதனாலதான் இறக்கிப் பாடினாங்க. மாரடைப்பு நிஜம்தான். ஆனா அதுக்கு மாசக்கணக்கா முன்னாடியே நுரையீரல் கெட்டுப்போச்சு. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. உள்ளபடி வெளியிட்டா நீங்க கண்டுபிடிச்சுடுவீங்கன்னு மாமாவோட ஒலிப்பதிவுக்கூடத்துலயே, அவருக்குத் தெரியாம உட்கார்ந்து மாத்தினேன்."

"நானும் வைத்தியம் படிச்சவன்தானே" என்றார் மருத்துவர். அது கேள்வியும் இல்லை, வருத்தமும் இல்லை.

"மூலப் பதிவு இருக்காம்மா?" என்று ஆமை கேட்டார்.

இருந்தது. மகள் எடுத்து வந்து போட்டாள். பாட்டு தாழ்ந்து, கனத்து வந்தது. ஒவ்வொரு வரியின் முடிவிலும் பியானோ காத்திருக்க, மனைவி மூச்சைத் தேடி எடுத்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போனாள். இது அவள்தான். மருத்துவருக்கு உடனே தெரிந்தது. மரப்பு விடத் தொடங்கும்போது உதட்டில் வரும் குறுகுறுப்பு நெஞ்சில் எங்கோ ஓரத்தில் வந்தது; அவ்வளவுதான்.

பாட்டு முடிந்த பிறகும் பதிவு ஓடியது. வெகுநேரம் இருமல். பிறகு அவள் குரல், பேச்சுக் குரல்: "போதும், நிறுத்தும்மா. அப்பா வர்ற நேரம். நான் முகம் கழுவிட்டு வந்துடறேன்."

பட்டாசு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மச்சினன் தலையைக் குனிந்துகொண்டார்.

அது எந்த மாலையாக இருக்கும் என்று மருத்துவர் யோசித்துப் பார்த்தார். கதவு திறந்ததும் ஈரம் காயாத நெற்றியோடு அவள் நின்ற மாலை. எப்படி யோசித்தும் அந்த ஒரு நாளைத் தனியே பிரித்தெடுக்க முடியவில்லை. கடைசி மாதங்களில் அவர் வீடு திரும்பிய ஒவ்வொரு மாலையும் அவள் முகம் கழுவித்தான் கதவைத் திறந்தாள்.