அரக்கில் பதிந்த நாரை

பொருநை நதி கடலில் கலக்கப் போகும் தறுவாயில், இனி அவசரம் எதற்கு என்று எண்ணியது போலப் புன்னை மரங்களின் வேர்களைத் தடவிக்கொண்டு மெல்ல நடந்துகொண்டிருந்த ஓர் அந்திப்பொழுதில், ஓடத்திலிருந்து தன்னந்தனியாகக் கரையிறங்கினாள் வரகுணை. மேற்கே செவ்வானம் இன்னும் அணையவில்லை. கிழக்கே நிலவு அரைமனத்தோடு எழுந்துகொண்டிருந்தது. உடன் இறங்கியவர் எல்லாரையும் அழைத்துப்போக யாராவது வந்திருந்தார்கள். அவளுக்கென்று யாரும் வரவில்லை. பத்து மாதமாக இப்படித்தான் என்றாலும், ஒவ்வொரு முறையும் அவளுக்கு வலிக்கத்தான் செய்தது.

வாசகர்களே, புன்னைத்துறையின் வழக்கமொன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். முத்து வாங்க வரும் அயலூரார் நாலைந்து நாள் தங்குவதற்கு அங்கே வீடுகள் கிடைக்கும். முன்பின் அறியாத கூரையின்கீழ் எதை நம்பித் தலைசாய்ப்பது? அதற்காகவே அவ்வூரார் இரண்டு கட்டுப்பாடுகள் வைத்திருந்தார்கள். விருந்தினர் அறைக்குச் சாவி ஒன்றுதான் இருக்கலாம். அதுவும் தங்குபவரிடமே இருக்க வேண்டும். குறையின்றித் தங்கியவர், புறப்படும் நாளில் வாசல் நிலையில் அரக்கை உருக்கிவிட்டுத் தமது கணையாழியைப் பதித்துச் செல்வார். அந்த முத்திரைகளைப் பார்த்தே அடுத்து வருபவர் வீட்டைத் தேர்ந்தெடுப்பார்.

ஆற்றோரக் கடைசி வீட்டின் நிலையில் பதினோரு முத்திரைகள் இருந்தன. அவற்றுள் ஒன்று, பூவைக் கவ்விய நாரை. வரகுணையின் கால்கள் அங்கேயே நின்றுவிட்டன. அது அவளை மணக்கவிருந்த எயினனுடைய முத்திரை. மணமாலைக்கு முத்து வாங்கி வருகிறேன் என்று போனவன் திரும்பவில்லை. வேறொருத்தி கிடைத்திருப்பாள் என்று ஊர் வாய் கூசாமல் பேசியது. இரவெல்லாம் விழித்துக் கிடந்த நாட்களில் வரகுணையும் அதைப் பாதி நம்பிவிட்டாள். அதற்காகத் தன்னையே வெறுக்கவும் செய்தாள்.

"வாருங்கள் அம்மணி. தனியாகவா வந்தீர்கள்?" வீட்டுக்காரி பூதியின் குரலில் தேன் வழிந்தது.

"தனியாகத்தான். இந்த நாரைக்கு உரியவர் இங்கே தங்கினாரா?"

"சென்ற ஐப்பசியில் ஆறு நாள் இருந்தார். நல்ல பிள்ளை. ஈழத்துக்குக் கப்பலேறப் போவதாகச் சொல்லித் தம் கையாலேயே பதித்துவிட்டுப் போனார்."

ஈழத்துக்கா? தன்னிடம் ஒரு சொல்லும் சொல்லாமலா? கண்ணீரை மறைக்க நிலையின் பக்கம் திரும்பியவள், செவ்வானத்தின் ஒளியில் அந்த முத்திரைகளை மீண்டும் பார்த்தாள்.

பதினொன்றும் ஒரே சிவப்பாக இருந்தன. ஐப்பசி மழையில் நனைந்து, பத்து மாதம் உப்புக்காற்றைத் தின்ற அரக்கு வெளுத்து வெடித்திருக்க வேண்டாமா? இவை ஒரே நாளில், ஒரே கையால் பதிக்கப்பட்டவை. அப்படியானால் எயினன் அவளைக் கைவிடவில்லை. அவனுடைய கணையாழி மட்டும் இந்த வீட்டிலேயே தங்கிவிட்டது. மகிழ்ச்சியும் திகிலும் ஒருசேர வந்தன. இரண்டையும் சொல்லி அழ அருகில் ஆளில்லை.

ஓடம் இன்னும் கரையிலேயே நின்றது. திரும்பிப் போய்விடலாம். ஆனால் அவள் நகரவில்லை.

"அரக்கு கொண்டுவருகிறீர்களா? வந்த உடனே பதித்துவிடுவது எங்கள் குலவழக்கம்."

பன்னிரண்டாவது முத்திரை வலிய வருகிறதென்றால் பூதிக்குக் கசக்குமா? கரண்டியில் அரக்கை உருக்கிக்கொண்டு துள்ளாத குறையாக வெளியே வந்தாள். வரகுணை கதவை இழுத்துச் சாத்தி, கதவும் நிலையும் சேரும் இடத்தில் அரக்கை ஊற்றினாள்.

"கதவோடு சேர்த்தா பதிக்கிறீர்கள்?" என்றாள் பூதி, குழப்பத்தோடு.

வரகுணை மடியிலிருந்து எடுத்ததைப் பதித்துக் கையை விலக்கினாள். இரண்டு கயல்களும் நடுவே செங்கோலும் தெரிந்தன. பூதியின் கையிலிருந்து கரண்டி விழுந்தது.

"பாண்டியர் அரண்மனையில் அரசாணைகளைத் திருமந்திர ஓலையில் எழுதுபவள் நான்," என்றாள் வரகுணை, குரலை உயர்த்தாமல். "கயல் முத்திரை பதிந்த வீட்டார் யாரும் தப்பிப் போனால் இந்தத் தெருவே பதில் சொல்ல வேண்டும். உமக்குத் தெரியாததல்ல."

தெருவுக்கும் தெரிந்திருந்தது. அண்டை வீட்டார் ஒவ்வொருவராக வந்து பூதியைச் சூழ்ந்து நின்றனர்.

பூதி மண்ணில் அமர்ந்தாள். இடுப்பிலிருந்து ஒரு துணிமுடிப்பை அவிழ்த்தாள். தன் வீட்டை அவளே நம்பவில்லை போலும். முடிப்புக்குள் பதினோரு கணையாழிகள் இருந்தன.

"நான் யாரையும் தொடவில்லை, அம்மணி. மரக்கலக்காரர்களுக்கு இரண்டாம் சாவியைக் கொடுத்தேன், அவ்வளவுதான். துடுப்பு வலிக்க ஆள் வேண்டும் என்றார்கள். எந்தத் தீவுக்குக் கொண்டுபோனார்கள் என்று கேட்கவில்லை."

"அவர் கூச்சலிட்டாரா?"

"இல்லை. இருக்கும் ஒரே சாவி தம்மிடம்தான் என்ற நம்பிக்கையில் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்."

வரகுணை நாரைக் கணையாழியை எடுத்துக் கட்டைவிரலில் அணிந்தாள். அது பெரிதாக இருந்தது. விரலை மடக்கிப் பிடித்துக்கொண்டாள். பிறகு நிலையிலிருந்த பொய்யான நாரையை நகத்தால் சுரண்டி எடுத்தாள்.

"இந்த இடம் வெறுமையாகவே இருக்கட்டும். அவர் வந்து தம் கையால் இங்கே பதிக்கும் வரை நான் வேறு கூரையின்கீழ்க் கண்ணுறங்க மாட்டேன். இது என் சபதம்."

காவலர் வரும்வரை அந்தத் தெருவில் எத்தனையோ பேர் அவளைச் சுற்றி நின்றார்கள். அவளோ ஆற்றுமுகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி ஓடமும் ஆளில்லாமல் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.