வாரேனுங்க

இருபத்திரண்டு நொடிக்கு மேல் போகாத அழைப்பு நேற்று நாலு நிமிடம் ஓடியிருந்தது.

சுகன்யா கணினித் திரையை உற்றுப் பார்த்தாள். லாரிக்கு பாடி கட்டும் பட்டறையின் மாடியில் இருந்தது அவள் வேலை பார்க்கும் கோழித்தீவனக் கம்பெனியின் அலுவலகம். கீழே தகரத்தில் சுத்தியல் விழும் சத்தமும், பெயிண்ட் வாசமும், வெல்டிங் புகையும் காலை முதல் சாயங்காலம் வரை படியேறி வந்துகொண்டே இருக்கும். நாமக்கல் சுற்றுவட்டாரக் கோழிப்பண்ணைக்காரர்கள் இணையத்தில் தீவனத்துக்குப் பதிவு செய்தால் போதும், யாரும் தொடாமலே அவர்களுக்கு போன் போய்விடும். "வணக்கமுங்க. உங்க லோடு... சேந்தமங்கலம்... நாளைக்கு... ஆறு மணிக்கு... வந்துருமுங்க. சரின்னா ஒன்னை அமுக்குங்க." ஊர், நாள், மணி என்று தனித்தனியாகப் பேசிப் பதிந்த துண்டுகளை இயந்திரமே கோத்துக்கொள்ளும். அத்தனையும் பூபதியின் குரல்.

பூபதி அவள் கணவன். இந்த ஏற்பாட்டை உட்கார்ந்து செய்தவனும் அவன்தான். எட்டு மாதத்துக்கு முன்னால் சேலம் ரோட்டில் விபத்தில் செத்துப்போனான். அவன் வேலையை அவளுக்கே கொடுத்த முதலாளி, குரலை மட்டும் மாற்றிவிடச் சொன்னார். "வேண்டாமுங்க, பண்ணைக்காரங்களுக்குப் பழகின குரலுங்க" என்று கெஞ்சித் தடுத்துவிட்டாள். பண்ணைக்காரர்களாவது, மண்ணாவது! அவளுக்குத்தான் அது வேண்டியிருந்தது.

இழவு வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் "வாரேன்" என்று சொல்லக்கூடாது. அவனை எடுத்த அன்று வந்த சனமெல்லாம் வாய் திறக்காமல்தான் எழுந்து போனது. அவனும் அப்படித்தான் போனான். விபத்து நடந்த அன்று காலை அவள் குளித்துக்கொண்டிருந்தாள், சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிட்டான். அந்தக் குறை அவளை அரித்துக்கொண்டே இருந்தது. பழைய பதிவுகளைத் துழாவும்போது, அவன் பேசிப் பார்த்து ஒதுக்கிய ஒரு துண்டு கிடைத்தது. "வாரேனுங்க." போன வாரம் அதை எல்லா அழைப்பின் முடிவிலும் சேர்த்தாள். சோதனைக்கு என்று சாக்குச் சொல்லி, ராத்திரி ஏழு மணிக்குத் தன் வீட்டுக்கும் அழைப்பு வரும்படி செய்துகொண்டாள். ஒரு தடவை கேட்டால் நிம்மதியாகத் தூங்கலாம் என்று இருந்தது.

நாலு நிமிட அழைப்பு சேந்தமங்கலம் மாதையன் என்ற வயதான பண்ணைக்காரருக்குப் போயிருந்தது. ஹெட்போனை மாட்டிக் கேட்டாள். வழக்கமான பேச்சு. கடைசியில் "வாரேனுங்க." அதோடு துண்டித்திருக்க வேண்டும். துண்டிக்கவில்லை. லாரிகள் கடந்து போகும் ரோட்டோரக் காற்று மாதிரி ஓர் இரைச்சல்.

"ஆரு சாமி? எங்க நிக்கற?" என்றார் கிழவர்.

"சேந்தமங்கலம்" என்றது பூபதியின் குரல். "இன்னைக்கு... ஆறு மணிக்கு."

"வா சாமி, வா."

சுகன்யா ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். மாதையன் வீட்டுக்கு போன் போட்டாள். மருமகள் எடுத்தாள். அழுது அழுது தொண்டை கட்டியிருந்தது.

"நேத்து ஆறு மணிக்கு ஆரோ வாராங்கன்னு கதவைத் தொறந்து வெச்சுட்டு உக்காந்திருந்தாருங்க. ஆருமே வரலீங்க. மாமா அப்புறம் எந்திரிக்கவே இல்லீங்க."

போனை வைத்துவிட்டு, அந்தத் துண்டைத் தேடி அழித்தாள். எட்டு மாதம் கட்டிக் காத்த குரலில் ஒரு சொல்லைத் தன் கையாலேயே அழிக்கிறோமே என்று அழுகையும் வந்தது.

திரையின் ஓரத்தில் ஒரு பச்சைக் கோடு. ஏதோ ஓர் அழைப்பு ஓடிக்கொண்டிருந்தது. மூன்று நிமிடமாக. நல்லிபாளையத்தில் இருக்கும் அவள் வீட்டு எண்.

மணி நாலே முக்கால். பள்ளிக்கூடம் விட்டு வந்து மகள் தனியாக இருப்பாள். தனப்பிரியா. எட்டு வயது. அந்த அழைப்பைத் திறந்து ஹெட்போனை மாட்டினாள்.

"நல்லிபாளையம்... இன்னைக்கு... அஞ்சு மணிக்கு" என்றது ஹெட்போன்.

"சீக்கிரம் வாங்கப்பா" என்றாள் மகள்.

"வாரேனுங்க."

அழித்த சொல். இப்போதுதான் அழித்தாள்.

திரும்பத் திரும்ப வீட்டுக்கு அடித்தாள். எடுக்கவில்லை. படியில் விழுந்து எழுந்து ஓடி ஸ்கூட்டரைக் கிளப்பினாள். சிக்னலில் நிற்கவில்லை. யாரோ கெட்ட வார்த்தையில் திட்டினார்கள். கடவுளே, என் புள்ள. என் புள்ள.

வீட்டுக் கதவு விரியத் திறந்து கிடந்தது. தனப்பிரியா சீருடையோடு கூடத்தில் நின்றாள். கையில் தண்ணீர்ச் சொம்பு. வீட்டுக்கு வருகிறவர்களுக்கு முதலில் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்று சுகன்யாதான் பழக்கியிருந்தாள்.

உள்ளே பாய்ந்து கதவைப் பிடித்தாள்.

"சாத்திப்போடாதீங்கம்மா. அப்பா இன்னும் பாதிதான் வந்திருக்காரு."

வாசலில் யாரும் இல்லை. வெயில் மட்டும். ஆனால் வாசம் வந்தது. அவன் சட்டை வாசம். தலையணையில் முகம் புதைத்து அவள் தேடித் தேடி, போன மாதத்தோடு தீர்ந்துபோன வாசம். ஒரு கணம் கதவை விட்டுவிடலாம் போல இருந்தது. பாவி, புள்ளையைப் பாரடி என்று தன்னையே வைதுகொண்டு தள்ளினாள்.

கதவு மூடிக்கொள்ளவில்லை. ஒரு சாண் இடைவெளியில் நின்றது. நடுவில் ஏதோ மெத்தென்று இருந்தது. அது எதிர்த்துத் தள்ளவில்லை. அங்கேயே இருந்தது.

"ஏனுங்க" என்றாள். "வேண்டாமுங்க. போயிருங்க." 'போ' என்பது கிளம்புகிற யாரிடமும் அந்த வீட்டில் சொல்லாத சொல். அதை அவனிடம் சொல்லிவிட்டுக் குலுங்கி அழுதாள். தோளால் கதவை அழுத்தினாள். கண்ணை மூடிக்கொண்டு.

"தண்ணி குடிங்கப்பா."

கண்ணைத் திறந்தாள். அவள் கைக்குக் கீழே குனிந்து போய், அந்த இடைவெளியில் சொம்பை நீட்டியிருந்தாள் தனப்பிரியா. சொம்பு சாய்ந்தது. தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டது, மடக் மடக்கென்று. வாசற்படியில் ஒரு சொட்டுகூட விழவில்லை.

சொம்பு காலியானது. திரும்பி வரவில்லை. மகளின் கை மணிக்கட்டு வரை வெளியே போயிருந்தது. பிறகு முழங்கை வரை. மெல்ல, தோள் வரை.