அறுத்த கம்பியில் நான்கு

முந்தாநாள் தன் கையாலேயே அறுத்த கம்பியில் இன்று நான்கு ஓடிக்கொண்டிருந்தது.

பேனல் அறையில் நின்று மீட்டர்காரன் அளவு காட்டும் முள்ளையே பார்த்தான். கொழுப்பு உருக்கிச் சோப்புக்கு அனுப்புகிற தொழிற்சாலை அது. மூன்றாம் தொட்டிக்குள் தொங்கும் ஒரு கோல், கொழுப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை இரண்டு கம்பிகள் வழியே மின்னோட்டமாகச் சொல்லும். நிறைந்தால் இருபது மில்லிஆம்பியர். காலி என்றால் நான்கு. காலிக்கும் நான்கு எதற்கென்றால், சுழியம் வந்தால் கம்பி செத்துவிட்டது என்று தெரிந்துகொள்ளத்தான். போய்த் திரும்புகிற ஒரே வட்டம். எங்கே அறுந்தாலும் முழுதும் சாகும்.

சாகவில்லையே.

"செத்துப்போச்சுன்னு சொன்ன ஒயருக்கு உசுரு வந்துடுச்சேப்பா மீட்டரு!" என்று சிரித்தார் பேனல்காரர். "எதுக்கும் சாயங்காலம் தொட்டி மூடியைத் திறந்து பார்த்துடுவோம்."

"வேணாண்ணே. ஒயர்லதான் கோளாறு. நானே சரி பண்ணிடறேன்."

படியிறங்கும்போது தங்கை அழைத்தாள். "அண்ணே, அவரு ரெண்டு நாளா வீட்டுக்கு வரல. உங்கூடத்தான் வேலைன்னு போனாரு."

"எங்க போயிடப் போறான்? வந்துடுவான்மா," என்றான்.

அவன் எங்கே இருக்கிறான் என்பது இவனுக்குத் தெரியும்.

முந்தாநாள் கோல் முழுக்கக் கொழுப்பு அப்பி, முள் நிறைந்ததாகக் காட்டியது. தொட்டியோ காலி. உள்ளே இறங்க இவனுக்கு அருவருப்பு. அங்கேயே துப்புரவு வேலை பார்த்த, தங்கையின் கணவனிடம் ஒரு சிவப்புத் துணியைக் கொடுத்து, "துடைச்சுட்டு வந்துரு மாப்ளே, அஞ்சு நிமிஷம்," என்றான்.

"மச்சானுக்கு மூக்கு மட்டும் ராஜா வீட்டு மூக்கு," என்று கேலி செய்துகொண்டே அவன் இறங்கினான்.

துடைக்கையில் முள் துள்ளக் கூடாதென்று, கோலுக்குப் பதிலாகத் தன் சோதனைப் பெட்டியைக் கம்பியில் மாட்டினான் இவன். கேட்ட அளவைப் பொய்யாக அனுப்புகிற பெட்டி. பாதி நிறைந்ததாகக் காட்டப் பன்னிரண்டு வைத்திருக்க வேண்டும். கைப்பழக்கத்தில் நான்கு வைத்துவிட்டுக் காற்று வாங்கப் போனான். நான்கைக் கண்டால், தொட்டி காலி என்று கொழுப்பு நிரப்பும் பம்பு தானாக ஓடும்.

திரும்பி வந்தபோது மூடியோரம் மஞ்சளாக வழிந்துகொண்டிருந்தது. பம்பை நிறுத்தினான். மூடியை இறுக்கினான். பெட்டியைக் கழற்றி, ஒயர் கெட்டது என்று சொல்வதற்காக இணைப்புப் பெட்டிக்குள் கம்பியை அறுத்தான். யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது தொட்டியறையில், நடுப்பகலிலும் எரிகிற ஒற்றை விளக்கின் கீழே, தரையின் கொழுப்பு செருப்பை விடாமல் பிடித்துப் பிடித்து விட, குழாய்களுக்குள் ஏதோ விழுங்குவது போல மெல்லக் களகளக்க, கெட்டுப்போன இனிப்பு வாடை நாக்கின் மேல் தோலாகப் படிய, அவன் இணைப்புப் பெட்டியின் மூடியைத் திருகித் திறந்தான்.

உள்ளே கொழுப்பு. மஞ்சளாக, விளிம்பு வரை. அதற்குள் புதைந்திருந்தன அறுபட்ட இரண்டு முனைகளும்.

திருப்புளியால் வழித்தான். மயிரோடு வந்தது. வெதுவெதுப்பாக இருந்தது. வழித்த இடம் மீண்டும் நிரம்பியது.

மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு கைகளையும் உள்ளே விட்டான். ஒரு கையில் ஒரு முனை. மறு கையில் மறு முனை. இழுத்தான்.

கொழுப்பு விரல்களை மூடியது. இறுகியது.

இடுப்பு வாக்கிடாக்கியில் பேனல்காரர் குரல் கரகரத்தது. "ஏம்ப்பா, என்ன பண்ற? எட்டு காட்டுது."

வயிற்றில் ஏதோ வெதுவெதுப்பாக ஏறியது.

"பன்னெண்டு."

நெஞ்சு வரை. கைகளை உதறினான். வரவில்லை.

"பதினாறு... மூடித்தானே இருக்கு தொட்டி? எதுலப்பா ஏறுது?"

தொண்டை. மெழுகுச் சுவை. கத்த வாயைத் திறந்தான். சத்தம் இல்லை.

"இருபது. ஃபுல்லு. போதும், நிறுத்து."

உதட்டோரம் மஞ்சளாக வழிந்து முகவாயில் சொட்டியது. அதன் பின்னே, நாக்கின் மேல், நனைந்த துணியின் சிவப்பு நுனி ஒன்று மெல்ல வெளியே வந்தது. பற்களை ஒவ்வொன்றாகத் துடைக்கத் தொடங்கியது.