நீளவாக்கில் ஒரு பிளவு

"எம்புள்ள நட்டை மாட்டினான், அவ்ளோதான் மேடம். அதுக்குப் போயி ஸ்டேஷன்ல குந்த வெச்சிக்கீறாங்க." அடையாற்றில் உலோகச் சோதனைக்கூடம் நடத்தும் மதுமதியிடம் முறையிட்டார் ஜைதூன் பீ.

மயிலாப்பூரில் படுத்த படுக்கையாக இருந்த பவுல்சாமிக்கு ஆக்சிஜன் சிலிண்டர் பொருத்தியவன் ஜைதூன் பீயின் மகன் ஜைத். மறுநாள் இணைப்பு நட்டு பிளந்து ஆக்சிஜன் கசிந்து போனது. வேறு சிலிண்டர் வருவதற்குள் பெரியவரின் மூச்சு அடங்கிவிட்டது. ஜைத்மேல் புகார் கொடுத்தவர் பவுல்சாமியின் மகள் லிசா. நட்டைச் சோதிக்கச் சொல்லி, முத்திரையிட்ட உறையில் காவல்துறை மதுமதிக்கு அனுப்பியிருந்தது.

"செம்பு, துத்தநாகம் எல்லாம் சரியா இருக்கு மேடம். நல்ல பித்தளை," என்றாள் உதவியாளர் ஜானு. "அப்ப ஜைத்தான் ஓவரா முறுக்கிட்டான்!"

"முறுக்கியிருந்தா மரை நசுங்கியிருக்குமே? உள்ள பாரு."

ஜானு பூதக்கண்ணாடியில் குனிந்தாள். பிளவின் உட்புறம் காற்றுப்பட்டுப் பழசாகிக் கறுத்திருந்தது. ஓரத்தில் மட்டும் புது மஞ்சள். பொருத்துவதற்கு முன்பே விழுந்த வெடிப்பு! அவசரப்பட்டதை எண்ணி அவளுக்கு வெட்கமாக இருந்தது.

மாலையில், நட்டு விற்ற ரொனால்டின் பெசன்ட் நகர் கடைக்கு லிசாவையும் ஜைதூன் பீயையும் மதுமதி வரவழைத்தார்.

"சரக்கு சுத்தம் மேடம். நீட்டுவாக்குல பொளந்துக்கினா முறுக்கினவன் தப்புதான?" என்றான் ரொனால்ட்.

கிடங்கிலிருந்து மூக்கை அரிக்கும் நெடி வந்தது. ஜானு உள்ளே போனாள். ஜன்னலுக்கு வெளியே, கடற்கரையில் சவாரி விடும் குதிரைகள் கட்டப்பட்டிருந்தன. ஜன்னலடியில் திறந்த பெட்டிகளில் நட்டுகள்.

மதுமதி நிதானமாகப் பேசினார். "நூறு வருஷம் முன்னாடி மழைக்காலத்துல, நம்ம நாட்டுல குதிரை லாயத்துல வெச்ச பித்தளைத் தோட்டாக்கூடுங்க தானா விரிசல் விட்டுப் பிளந்துச்சு. மட்டமான பித்தளைன்னு நெனச்சாங்க. ஆராய்ஞ்சப்பதான் புரிஞ்சுது, குதிரை மூத்திரத்துலேருந்து வர்ற அமோனியா. அழுத்தி உருவாக்கின பித்தளையை அது மெல்லப் பிளந்துடும்."

"அது எனக்கு எப்டி மேடம் தெரியும்?"

"காரணம் தெரியாம இருக்கலாம். ஆனா உறைக்குள்ள இருக்கிற நட்டு நீளவாக்குல பிளந்ததுன்னு எப்படிச் சொன்னீங்க? லிசா 'உடைஞ்சுது'ன்னுதான் புகார் எழுதியிருக்காங்க. முன்னாடியே பிளந்ததைப் பார்த்திருக்கீங்க. பொறுக்கிப் போட்டுட்டு மிச்சத்தை வித்திருக்கீங்க."

ரொனால்டின் பார்வை கிடங்கு மூலையிலிருந்த சாக்குக்குப் போய் மீண்டது. ஜானு அதைக் கவிழ்த்தாள். எல்லாம் ஒரே மாதிரி பிளந்த நட்டுகள்.

லிசா ஒன்றை எடுத்துப் பார்த்தார். "அம்மா... உங்க புள்ளைய நான்..."

ஜைதூன் பீ அவர் கையிலிருந்த நட்டை வாங்கிக்கொண்டார்.

"ஸ்டேஷனுக்குப் போலாம் வா," என்றார். "நீ சொன்னாத்தான் வுடுவாங்க."