படித்துப் புரிந்துகொண்டேன்

காலை ஆறு மணிக்குச் செவ்வாய்க் கோளின் மூன்றாம் குடியிருப்பில் எல்லோரும் ஆளுக்கொரு பொய் சொன்னார்கள். தொண்டையில் பதித்த மெய்மணி வேலை செய்கிறதா என்று தினமும் சோதிக்கச் சட்டம் அனுமதித்த ஒரே பொய் அது. "நான் ஒரு யானை" என்றார் தணிகாசலம். கழுத்துக்குள் மணி கணீரென்று அடித்தது. பக்கத்து அறைகளிலும் யானைகளும் மகாராஜாக்களும் ஒலித்து ஓய்ந்தார்கள்.

மெய்மணி பொய்க்கு அடிக்கும். உண்மையையே சொல்லி ஆளைத் திசைதிருப்பப் பார்த்தாலும் அடிக்கும். பேசுகிறவரின் மூளையிலேயே எண்ணத்தைப் படித்துவிடுகிற பாழாய்ப்போன கருவி. அடித்த மறுகணம் நீதிமன்றத்துக்குத் தகவல் போய்விடும்.

நேற்று மருத்துவமனையில் அவர் மனைவி புஷ்கலா, "டாக்டர் என்ன சொன்னாருங்க?" என்று கேட்டாள். பிழைக்கப் பாதிக்குப் பாதிதான் வாய்ப்பு என்று சொல்லியிருந்தார் டாக்டர். "சிரிச்சுக்கிட்டேதான் பேசினாரு" என்றார் தணிகாசலம். டாக்டர் சிரித்தது உண்மை. ஆனாலும் மணி அடித்துவிட்டது.

புஷ்கலா அவர் கையைத் தட்டிக்கொடுத்தாள். "சரி விடுங்க. நாளைக்கு நாலு மணிக்கு ஆபரேஷன். அதுக்கு முன்னாடி வந்துடுங்க" என்றாள்.

இன்று மூன்று மணிக்கு அவர் நீதிமன்றத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"மணி அடிச்சதுமே அவளுக்கு எல்லாம் தெரிஞ்சுபோச்சும்மா. இதுல ஏமாந்தது யாரு?"

"யாரும் ஏமாறலைதான். ஆனா நீங்க ஏமாத்தப் பார்த்தீங்க இல்லையா? சட்டத்துக்கு அது போதும்" என்றார் நீதிபதி. குரலில் வருத்தம் இருந்தது. மணி அடிக்கவில்லை, உண்மையான வருத்தம்தான்.

தண்டனை வெறும் எச்சரிக்கை. தணிகாசலத்துக்கு உயிர் வந்தது. வாசலுக்கு ஓடியவரை எழுத்தர் மறித்து, கணினி எழுதிய தீர்ப்பைத் திரையில் காட்டினார். நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். கடைசியில் ஒரு வரி: 'முழுவதும் படித்துப் புரிந்துகொண்டேன்.' அதை வாய்விட்டுச் சொன்னால்தான் கதவு திறக்கும்.

பூமியில் இருந்த முன்னோர்கள் கைப்பேசித் திரையில் படிக்காமலே தட்டிவிட்டுப் போன அதே வரி. அவர்கள் கொடுத்துவைத்தவர்கள், விரலில் மணி இல்லை.

"முழுவதும் படித்துப் புரிந்துகொண்டேன்."

மணி அடித்தது.

"எல்லாரும் இப்படித்தான் பண்றாங்க" என்று அலுத்துக்கொண்டே எழுத்தர் புது வழக்கைப் பதிந்தார். அதற்கான அறிவிப்பு தொண்ணூறு பக்கம். அடியில் அதே வரி. மணி மூன்று ஐம்பது. தணிகாசலம் முதல் பக்கத்தைப் படிக்க ஆரம்பித்தார். எழுத்துகள் கண்ணீரில் கலங்கின.

காதருகே புஷ்கலாவின் அழைப்பு வந்தது.

"என்னங்க, கூட்டிட்டுப் போக வந்துட்டாங்க. எனக்குப் பயமெல்லாம் ஒண்ணுமில்ல. நீங்க மெதுவாவே வாங்க."

அவள் கழுத்து மணி அழைப்பின் வழியே நீதிமன்ற அறை முழுக்கக் கேட்டது.

எழுத்தர் நிமிராமலே கேட்டார்: "அவங்க பேரு?"